நாலாகக் கீறிய கிணறு

இன்று காலை, மதில் கட்ட வந்த மேசன் இழுத்துக் கட்டிவிட்டுப் போன நீல நைலோன் கயிறு, நம் கிணற்று வாய்க்கு நேர் மேலால் போகிறது. ஒரு முனை தெருவேலியில் இருக்கிறது. மறு முனையைக் கிணற்றின் நடுவில் முளை அடித்துக் கட்ட முடியாதல்லவா, அதனால் அப்பால் நிற்கும் எலுமிச்சை மரத்தில் கட்டியிருக்கிறார். எட்டிப் பார்த்தேன். கயிற்றின் நிழல் தண்ணீரில் விழுந்து வட்டத்தை இரண்டாக்கிக்கொண்டு அசைந்தது. புதுக் கயிறு. வலைக் கடைக்குள் நுழைந்தால் வருமே, அந்த வாசம். அது இன்னும் என் விரலில் இருக்கிறது.

மேசன் என்னிடம்தான் கேட்டார். "காணி உறுதிப்படி எண்டா மதில் கிணத்து நடுவுக்கு வரணும் ஐயா. குறுக்கால பீம் போட்டு எழுப்பலாம். மூத்த மகளும் அப்பிடித்தான் சொன்னவ. நீங்க என்ன சொல்றீங்க?"

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். பதில் இல்லாதபோது நான் செய்வது அதுதான் என்று உனக்குத் தெரியும். நாளைக் காலை ஏழு மணிக்குச் சீமெந்துக்கல் வந்து இறங்கும் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். இப்போது மணி பத்து. இதை எழுத உட்கார்ந்த பிறகும் மூன்று தரம் எழுந்து போய் அந்தக் கயிற்றைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

மேசன் காணி உறுதி என்று சொன்னது, அதில் இணைத்திருக்கும் நான் கீறிய நிலப்படத்தைத்தான். இந்த வளவை வாங்கிய வருசம் நாம் மூன்று கிணறு தோண்டினோம். வாவிப் பக்கமாகத் தோண்டிய முதல் கிணறு உவர். தெருப் பக்கம் தோண்டியது அதைவிட உவர். மூன்றாவது, வளவின் நட்டநடுவில். தண்ணீர் ஊறியதும் நாலு பிள்ளைகளையும் வரிசையாக நிறுத்தி ஒவ்வொரு சிரட்டை கொடுத்தாய். சுகந்திக்குப் பத்து வயது, வதனிக்கு எட்டு, கௌரிக்கு ஐந்து, ரேவதிக்கு மூன்று. முன்னைய இரண்டு கிணற்றிலும் துப்பிய ரேவதி இந்தத் தரம் விழுங்கிவிட்டு, வெறும் சிரட்டையை நீட்டினாள். அதுதான் நமக்குத் தண்ணீர்ப் பரிசோதனை.

அன்று பின்னேரமே நான் மேசையில் தாளை விரித்தேன். நில அளவைக் கந்தோரில் படவரைஞனாக இருந்தவனுக்கு வேறு என்ன தெரியும்? நம் பக்கத்தில் வளவும் வீடும் பெண்பிள்ளைக்குத்தானே. நாலு பெண், ஒரு வளவு, ஒரே ஒரு நல்ல தண்ணீர் ஊற்று. ஒருத்திக்குக் கிணற்றைக் கொடுத்து மற்றவர்களை அவளிடம் கையேந்த விடக்கூடாது. ஆகவே நாலு துண்டும் கிணற்றின் மையத்தில் சந்திக்கும்படி கீறினேன். ஆளுக்குக் கால் வட்டம். அதைவிட நீதியான ஒரு படத்தை நான் கந்தோரிலும் கீறியதில்லை என்று அப்போது நினைத்தேன்.

நீ மீன் வெட்டிக்கொண்டிருந்தாய். கையைத் தூக்கிப் பிடித்தபடி வந்து, தாளில் படாமல் குனிந்து பார்த்தாய்.

"கிணத்தையுமா நாலாக் கீறி வெச்சிரிக்கீங்க?"

அளவுத்திட்டத்தை விளக்கினேன். நீ முழுவதையும் கேட்டாய். கடைசியில், "அது சரி. மறுகா நாம ரெண்டு பேரும் எங்க இரிக்கிற?" என்றாய்.

நான் தாளைத் திரும்பவும் பார்த்தேன். நமக்கு இடம் வைக்கவில்லை. நீ சிரித்துக்கொண்டே மீனுக்குப் போய்விட்டாய். திருத்த நினைத்தேன். ஆனால் கோடுகள் மையால் கீறப்பட்டிருந்தன, நாலு துண்டும் சமமாக இருந்தன, அந்தச் சமத்தைக் குலைக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்தக் காலத்து விடியல்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மூச்சு முட்டுகிறது. நாலு தலை, எட்டுப் பின்னல், எட்டு வெள்ளை ரிப்பன். ஒருத்திக்குப் பேன் வந்தால் நாலு பேருக்கும் வரும். காய்ச்சல் வந்தால் மூத்தவளில் தொடங்கி வயது வரிசைப்படி இறங்கும். ஒரு சப்பாத்துக்கு வெள்ளை பூசி வெயிலில் வைத்தால் அடுத்தவள் அதை மிதிப்பாள். நான் ஒழுங்கு செய்யப் போனேன். ஆறு மணிக்குச் சுகந்தி, ஆறு பத்துக்கு வதனி என்று குளிக்கும் நேர அட்டவணை எழுதிக் குசினிக் கதவில் ஒட்டினேன். மூன்றாம் நாள் நீ அதை எடுத்து அடுப்பு மூட்டினாய். கேட்டதற்கு, விறகு ஈரம் என்றாய்.

அட்டவணையோடு நான் நிறுத்தியிருக்கலாம். பிள்ளைகள் படத்தைக் காட்டச் சொன்னார்கள். அவர்களுக்கு விளங்கட்டும் என்று கிணற்றுக் கட்டில் கரித்துண்டால் நாலு கோடு போட்டு ஒவ்வொருத்தியின் முதலெழுத்தையும் எழுதினேன். அடுத்த நாளே சண்டை தொடங்கியது. வதனி தன் கால் வட்டத்தில்தான் வாளியை இறக்கினாள். ஆனால் வாளி தண்ணீரில் சாய்ந்து சுகந்தியின் பக்கம் போய்விட்டது. "என்ட தண்ணிய அள்ளாத புள்ள" என்று மூத்தவள் கயிற்றைப் பிடித்தாள். "உன்ட தண்ணியில உன்ட பேர் எழுதியிரிக்கா?" என்றாள் வதனி. ரேவதி கண்ணில் சவுக்காரத்தோடு நின்று அழுதாள். கௌரி யாருக்கும் தெரியாமல் ஒரு எழுத்தை அழித்துத் தன் பங்கைப் பெருப்பித்துக்கொண்டிருந்தாள். நான் என்ன செய்தேன்? யார் எத்தனை வாளி அள்ளினார்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூட பஸ் போயேவிட்டது.

மாப்பிசைந்த கையோடு நீ வந்தாய். வாளியை இறக்கி, இழுத்து, நாலு பேரையும் ஒருத்தியோடு ஒருத்தி ஒட்டி நிற்க வைத்து, நாலு தலையிலும் ஒரே ஊற்றாக ஊற்றினாய். பிறகுதான் கேட்டாய்.

"இதில ஆர்ட தண்ணி எது? காட்டுங்க பாப்பம்."

அவர்கள் ஒருவர் தலையை ஒருவர் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார்கள். நீ தேங்காய் நார்ப் பொச்சை எடுத்துக் கிணற்றுக் கட்டில் இருந்த என் கோடுகளைத் தேய்த்து அழித்தாய். என் பக்கம் திரும்பாமலே, "இண்டைக்கு நான் அழிச்சிட்டன். நீங்க கீறினத நீங்கதான் அழிக்கோணும். நான் எத்தினை நாளைக்கு?" என்றாய்.

எத்தனை நாளைக்கு என்று அப்போது நம் இருவருக்கும் தெரியாது. நீ போய் இரண்டு வருசமாகிவிட்டது.

இப்போது நிலைமையைச் சொல்கிறேன். தெருப் பக்கத்து இரண்டு துண்டிலும் சுகந்தியும் வதனியும் வீடு கட்டி இருப்பதை நீ பார்த்துவிட்டுத்தான் போனாய். கௌரி உன்னிச்சைப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள், அவளுடைய வீடு பூட்டிக் கிடக்கிறது. நான் ரேவதியோடு இருக்கிறேன். மூத்தவர்கள் இருவரும் பேசி ஒரு வருசம். வதனியின் உடுப்புத் தோய்க்கிற கல்லிலிருந்து சவுக்காரத் தண்ணீர் சுகந்தியின் மிளகாய்ப் பாத்திக்குள் வருகிறது என்பது வெளியில் சொல்லும் காரணம். அதைத் தடுக்கத்தான் சுகந்தி இந்த மதிலைப் போடுகிறாள். உள்ளே இருப்பது வேறு. உன் முதல் வருச ஆட்டைத் திவசத்தன்று, ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சுகந்தி பரிமாறினாள். வதனி சத்தம் உயர்த்தாமல் சொன்னாள்: "அம்மாக்குக் கடைசித் தண்ணி பருக்கினது நான். சொல்லி அனுப்பியும் வராதவ இண்டைக்கு வந்து சோறு போடுறா." சுகந்தி அகப்பையைச் சட்டிக்குள் வைத்துவிட்டுப் போனவள்தான்.

அவள் வராததற்குக் காரணம், யாரும் அவளுக்குச் சொல்லி அனுப்பவில்லை.

இந்த வரியை எழுதுவதற்கு முன் இன்னொரு தரம் எழுந்து போய்விட்டு வந்தேன். நீ படுக்கையில் கிடந்த அந்தத் திங்கட்கிழமை, "சுகந்திய வரச்சொல்லுங்க" என்று நீ என்னிடம்தான் சொன்னாய். அவள் தன் மகளின் பிரசவத்துக்காகக் கொழும்பில் நின்றாள். நான் யோசித்தேன். இப்போது சொன்னால் பிள்ளைத்தாய்ச்சியை விட்டுவிட்டு ஓடி வருவாள், பிரசவம் முடியட்டும், உனக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று நானாகவே ஒரு முடிவு செய்துகொண்டேன். வதனி என்னைக் கேட்டபோது, "சொல்லியாச்சு" என்றேன். புதன்கிழமை நீ போய்விட்டாய். தங்கை வேண்டுமென்றே மறைத்துவிட்டாள் என்று சுகந்தி நினைக்கிறாள். அக்கா தெரிந்தும் வரவில்லை என்று வதனி நினைக்கிறாள். இரண்டும் பிழை. சரியைத் தெரிந்த ஒரே ஆள் இரண்டு வருசமாகக் கண்ணாடி துடைத்துக்கொண்டிருக்கிறான்.

நேற்று நான் சும்மா இருக்கவில்லை. மதில் ஏன் கூடாது என்று ஆறு காரணங்களை இலக்கமிட்டு எழுதி ரேவதிக்கு வாசித்துக் காட்டினேன். காற்றோட்டம், கிணற்றைத் துப்புரவு செய்யும் வசதி, அடித்தளத்தின் பாரம் என்று வரிசையாக. அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள். "அப்பா, இது கந்தோர்க் கடிதம் மாதிரி இரிக்கி. கீழ ஒப்பம் வெச்சுத் தபால்ல போடுங்க" என்றாள். நானும் சிரித்தேன். ஏழாவது காரணத்தை அந்தத் தாளில் நான் எழுதவில்லை என்பது அவளுக்குத் தெரியாது.

இதை இங்கே நிறுத்துகிறேன். கயிறு இன்னும் அங்கேதான்.

*

இப்போது பின்னேரம் ஐந்து மணி.

மேலே உள்ளதை எழுதிவிட்டு எழுந்து போய், எலுமிச்சை மரத்தில் இருந்த முடிச்சை அவிழ்த்தேன். யோசித்துச் செய்யவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டேன். அவிழ்த்த கயிற்றைச் சும்மா விடவும் மனமில்லாமல், கந்தோர்ப் பழக்கத்தில் ஒரு குச்சியில் ஒழுங்காகச் சுற்றிக்கொண்டு வந்தேன். சுகந்தி தன் குசினிக் கதவைத் திறந்தாள்.

"அப்பா, என்ன செய்யிறீங்க? அந்தாள் அளந்து கட்டினது."

"கோடு பிழை புள்ள" என்றேன். "நான்தான் பிழையாக் கீறினன்."

அந்தப் பக்கம் உடுப்புக் காயவிட்டுக்கொண்டிருந்த வதனி கையை நிறுத்தினாள். இருவரும் காதில் விழும் தூரத்தில் நின்றார்கள். இனி அப்படி ஒரு நேரம் வாய்க்காது என்று பட்டது. திங்கட்கிழமை நீ கேட்டதையும், புதன்கிழமை வரை நான் போன் எடுக்காததையும், வதனியிடம் சொன்ன பொய்யையும் நாள் வரிசைப்படி சொன்னேன். வேறுவிதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. சொல்லி முடியும்வரை கயிற்றைச் சுற்றிக்கொண்டே இருந்தேன்.

சுகந்தி கிணற்றுக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "ரெண்டு வருசமா இத வயித்துக்குள்ள வெச்சிட்டா சாப்பிட்டு உறங்கினீங்க?" என்று கேட்டாள். பிறகு, என் தலைக்கு மேலால், தங்கையைப் பார்த்தாள்.

"உனக்கு இது தெரியுமா புள்ள?"

"தெரிஞ்சா நான் அண்டைக்கு அப்பிடிக் கதைச்சிரிப்பனா?"

ஒரு வருசத்துக்குப் பிறகு அவர்கள் ஒருவருக்கொருவர் சொன்ன முதல் வார்த்தைகள் அவை. அதன்பிறகு இருவரும் சேர்ந்து என்னைப் பேசினார்கள். நான் ஒருநாளும் ஒன்றையும் வாய்திறந்து சொல்லாதவன் என்றாள் ஒருத்தி. எல்லாவற்றையும் தாளில் எழுதினால் சரி என்று நினைப்பவன் என்றாள் மற்றவள். அம்மாவுக்குப் பொறுமை கூடிப்போனதால் வந்த வினை என்று இருவருமே சொன்னார்கள். அவர்கள் என்னை மன்னிக்கவில்லை. நான் அதைக் கேட்கவும் இல்லை. இருவரும் ஒரே பக்கத்தில் நின்று பேசினார்கள் என்பதை மட்டும் கவனித்தேன்.

மதிலை நிறுத்தச் சொல்லி நான் கேட்கவில்லை. சுகந்தியின் மிளகாய்ப் பாத்தி உண்மைதான், சவுக்காரத் தண்ணீரும் உண்மைதான். கிணற்றைச் சுற்றி ஆறு அடி விட்டு நாலு குச்சி நட்டேன். நாடா எடுத்து வரவில்லை, காலடியால் அளந்தேன். என் வாழ்க்கையில் அப்படி அளந்தது இதுவே முதல் தரம். "மதில் இதுவரைக்கும் வரட்டும். இதுக்குள்ள ஒருத்தருக்கும் பங்கு இல்ல" என்றேன்.

"அப்ப இது ஆர்ட?" என்று வதனி கேட்டாள்.

"அம்மாடயும் என்டயும். அண்டைக்குக் கீற மறந்துபோன இடம்."

சுகந்தி எழுந்து சேலையைத் தட்டினாள். "மேசனுக்கு நான் சொல்றன். அவவிட்டச் சொல்லுங்க, தோய்க்கிற கல்லை அங்கால திருப்பி வைக்கட்டாம்." வதனி என்னைப் பார்த்தே பதில் சொன்னாள்: "வைக்கலாமாம். மிளகாய் காய்ச்சா எங்களுக்கும் ரெண்டு வருமாண்டு கேளுங்க." இருவருக்கும் நடுவே ஆறடி கூட இல்லை. இருந்தும் நான் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிச் சொன்னேன். நாளைக்கும் அவர்கள் பேசுவார்களா என்று எனக்குத் தெரியாது. சுகந்தி இன்று கதவைச் சாத்தாமல் உள்ளே போனாள் என்பது தெரியும்.

உன்னிடம் சொல்ல ஒன்று மீதி இருக்கிறது. நீ கேட்டதைச் செய்ய எனக்கு இரண்டு நாள் இருந்தது, செய்யவில்லை. இன்று அவர்களிடம் சொன்னதால் அந்தத் திங்கட்கிழமை திரும்பி வராது. அதை அழிக்கிற தேங்காய்ப் பொச்சு என்னிடம் இல்லை. அது என்னோடுதான் இருக்கும்.

மேசனின் கயிறு, குச்சியில் சுற்றியபடி, என் சட்டைப்பையில் இருக்கிறது. நாளைக் காலை ஏழு மணிக்கு அவர் வந்து கேட்பார். எந்தக் குச்சிவரைக்கும் இழுத்துக் கட்டுவது என்று நானே சொல்லிவிட்டுத்தான் கொடுப்பேன்.