பஞ்சில் சிக்கிய இழை

அன்புள்ள செபமாலைக்கு,

உன் மூட்டுவலி குறைந்ததா? நான் சுகம். நானே எழுத்துக்கூட்டி எழுதும் முதல் கடிதம் இது.

மாலத்தீவில் வாங்கிய பாய்மரப் படகைக் கொச்சிக்குக் கொண்டுவர, முதலாளி முட்டத்துக்காரி பெனிட்டாவைக் கேப்டனாக அமர்த்தியிருக்கிறார். என்ன பிள்ளை! பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் முறுக்குக் கம்பியை நான் கையால் தடவி, "நல்லாத்தான் இருக்கு" என்றேன். அவள் பஞ்சால் தடவினாள். அறுந்த இழையில் பஞ்சு சிக்கியது.

"நாளைக்கே புறப்படணும்" என்றார் முதலாளி.

"கம்பி மாத்தாம எடுக்கமாட்டேன். அவசரமின்னா வேற ஆளப் பாருங்க."

அவர் அடங்கிவிட்டார். பயப்படாதே, கம்பி மாற்றியாச்சு.

"பாட்டா, கயிறு இழுத்தே உம்ம கை காய்ச்சுப்போச்சு, அதான் இழை குத்தினது தெரியல" என்று சிரித்தாள்.

திருநாளுக்கு வரமுடியாது. தேங்காய் எண்ணெய் காய்ச்சி வை. தபால் கொண்டுபோகிறவர் கூப்பிடுகிறார். இந்தக் கை இத்தனை வருடம் உன் கன்னத்தில் உறுத்தியிருக்குமே, ஏன் சொல்லவில்லை?

உன்
சூசைமிக்கேல்