அம்மாவிடம் கேட்டார்கள், அப்பா

என் அருமை அப்பாவுக்கு,

லிந்துலையிலிருந்து செல்வராணி எழுதுகிறேன். எனக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது அப்பா. மாப்பிள்ளை சுனில். வட்டகொடை ஸ்டேஷனில் டிக்கெட் கொடுப்பாரே, அந்தச் சிங்களப் பிள்ளைதான். முகத்தைச் சுளிக்கிறீர்களா, சிரிக்கிறீர்களா? நீங்கள் இருந்தபோது கேட்கத் தைரியம் வரவில்லை. இப்போது கேட்டால் பதில் வரவில்லை.

தலவாக்கலையில் பஹாய் மதக் கூட்டம் நடத்தும் பாரசீகத்துப் பெரியவர் ஒருமுறை தோட்டத்து லயத்தில் நம் வீட்டுக்கு வந்தது நினைவிருக்கிறதா? வெறும் தேத்தண்ணியும் உள்ளங்கையில் கொஞ்சம் சீனியும் கொடுத்தீர்கள். அவர் சீனியை வாயில் போட்டுக்கொண்டு குடித்துவிட்டு, தன் ஊரிலும் இப்படித்தான் என்றார். "அப்ப இவரு நம்மாளுதான்" என்று சொல்லி என்னைக் கூட்டத்துக்கு அனுப்பினீர்கள். சுனிலை அங்கேதான் பார்த்தேன். ஆகவே இதில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது, தப்பிக்க முடியாது.

எங்கள் கல்யாணம் பஹாய் முறைப்படிதான், ஐயர் இல்லை. சாராயம் கிடையவே கிடையாது, மாமாவுக்கு அதுதான் பெரிய துக்கம். ஆனால் ஒன்று இல்லாமல் நடக்காது. பெண், மாப்பிள்ளை இரண்டு பேருடைய பெற்றவர்களும், உயிரோடிருக்கிறவர்கள் அத்தனை பேரும் சம்மதம் சொல்ல வேண்டும். சுனிலின் அப்பா அம்மா சொல்லிவிட்டார்கள். நம் பக்கம் அம்மா ஒருத்திதான்.

மாமா வெள்ளை வேட்டி கட்டி, வெற்றிலைத் தட்டோடு தலவாக்கலைக்குக் கிளம்பினார். அங்கே பெரியவரிடம், "எந்தங்கச்சிக்காக நான் சொன்னா அவ சொன்ன மாதிரிதாங்க. எனக்குச் சம்மதம்" என்றார். நம் வழக்கம் அதுதானே. வீட்டில் அடுப்படியில் இருந்த அம்மாவும் அத்தோடு தன் வேலை முடிந்தது என்றுதான் நினைத்திருந்தாள். பெரியவர் தட்டை மரியாதையாக வாங்கிக்கொண்டு, தனக்குத் தெரிந்த தமிழில், பெற்றவள் வாயால் கேட்க வேண்டும், வேண்டாம் என்பதானாலும் அவளே சொல்லட்டும் என்றாராம். மாமா உர்ரென்று திரும்பி வந்தார். "என்னைய ஒரு ஆம்பளையாவே மதிக்கல."

அம்மா ஆடிப்போய்விட்டாள். நீங்கள் போனதிலிருந்து அவள் எந்த நல்ல காரியத்திலும் முன்னால் நின்றதில்லை. தங்கச்சியின் சடங்கையே கதவுக்குப் பின்னால் நின்றுதான் பார்த்தாள். "தாலியறுத்தவ வாயில போயி நல்ல வார்த்தையக் கேக்குறாங்களே" என்று அழுதாள். வாரக்கணக்கில் பிடி கொடுக்கவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவள் மாட்டேன் என்றால் கல்யாணம் இல்லை. அதற்கு நானும் சுனிலும் ஒப்புக்கொண்டிருந்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியவரும் அவர் மனைவியும் சுனிலும் லயத்தில் நம் காம்பராவுக்கே வந்தார்கள். அம்மா சுனிலைப் பார்த்து, "தோட்டத்து ஆளுங்க எங்களையெல்லாம் இந்தியாவுக்குக் கப்பல் ஏத்தப்போறதா பேசிக்கிறாங்க. நாங்க போயிட்டா எம்மகளுக்கு இங்க யாரு இருக்கா?" என்று கேட்டாள். அவள் மனதில் இத்தனை நாள் இருந்தது அதுதான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அம்மா போக வேணாம். எங்க வீட்டுல இருங்க" என்றார் சுனில்.

"கவர்மெண்டு ஏத்தித்தான் தீருவேன்னா?"

"அப்ப நாங்களும் வாறது."

அவருடைய ஸ்டேஷன் தமிழுக்கு அம்மா லேசாகச் சிரித்தாள். பிறகு பெரியவரின் மனைவியிடம் திரும்பினாள். "அவரு இருந்திருந்தா அவருகிட்ட மட்டுந்தான கேட்டிருப்பீங்க?"

"இல்லையம்மா. அப்போதும் உங்களிடமும் கேட்டிருப்போம்."

அம்மா முந்தானையில் கையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். "பெரட்டுக் களத்துல ஆள் பிரிக்கையில தெனம் எம்பேரக் கூப்புடுறாங்க. வேலைக்கு. நீ என்ன நெனைக்கிறேன்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல" என்றாள். அப்புறம் நிமிர்ந்து, "எனக்குச் சம்மதம்" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

சுனில் வீட்டு முற்றத்தில்தான் கல்யாணம். காலையில் பெய்த மழை விட்டிருந்தது. பெரியவரின் மனைவி அவர்கள் பாஷையில் ராகம் போட்டுப் பிரார்த்தித்தார், நான் தமிழில், சுனிலின் தம்பி சிங்களத்தில். சாட்சிகள் முன்னால் கடவுள் விருப்பப்படி நடப்போம் என்று ஆளுக்கொரு வாக்கியம் சொன்னோம், அவ்வளவுதான். மாமா, சுனிலின் அம்மா சுட்டுவைத்த கொண்டைப் பணியாரத்தை ஒரு கை பார்த்துவிட்டு, கோபத்தை மறந்துபோனார்.

கல்யாணம் தொடங்குவதற்கு முன் ஒன்று நடந்தது. பழக்கதோஷத்தில் அம்மா அடுப்படிக் கதவோரம் போய் ஒதுங்கிவிட்டாள். சுனிலின் அம்மா போய், "எண்ட நங்கி", வா தங்கச்சி, என்று கையைப் பிடித்து இழுத்துவந்து முன்வரிசையில் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். அம்மா எழுந்திருக்கவில்லை அப்பா. கடைசிவரை அங்கேயே இருந்தாள்.

போனவர்களிடம் சம்மதம் கேட்கும் விதி இல்லை. நான்தான் கேட்கிறேன். நீங்கள் சரி என்றிருப்பீர்களா? அம்மா முன்னால் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருந்தால் சொல்லியிருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஒரு வாக்குத் தருகிறேன். தங்கச்சி கல்யாணம் கோயிலில் நடந்தாலும் சரி, எங்கே நடந்தாலும் சரி, முதலில் அம்மாவிடம் கேட்போம். கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருப்போம்.

அம்மாவின் சம்மதத்தோடு,
உங்கள் மூத்த மகள்
செல்வராணி