மலைமேல் சைக்கிள் விடும் மகளுக்கு

உ

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
28-11-1978

அன்பு மகள் தேவகிக்கு அம்மா ஜெயம்மாள் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. காமாட்சி புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகமாக இருக்கிறோம், உன் சுகத்தையும் அதைவிட உன் இடது தோளின் சுகத்தையும் தெரிந்துகொள்ளத்தான் மனசு கிடந்து தவிக்கிறது. எலும்பு கூடிவிட்டது என்று நீ எழுதியதை நம்பாமல் இல்லை, நீயே நர்ஸ், உனக்குத் தெரியாதா. ஆனாலும் கையைத் தலைக்கு மேலே தூக்கி நீயே கொண்டை போட்டுக்கொள்ள முடிகிறதா என்பதை மட்டும் எழுது, அது முடிந்தால்தான் எனக்குச் சமாதானம். வழக்கமாக நான் சொல்லச் சொல்லப் பேத்தி வள்ளிதான் எழுதுவாள், இந்தத் தடவை நானே கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன், வரி ஏறியும் இறங்கியும் போகும், பொறுத்துப் படி.

உன் தம்பி முனிசாமி உனக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறான். அது இதற்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருக்கும். படித்துவிட்டு அழுதிருப்பாய், அல்லது கோபத்தில் பதிலும் எழுதி வைத்திருப்பாய். எழுதியிருந்தால் தபாலில் போடாதே. இங்கே நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், கேள்.

ஐப்பசியில் உன் கடிதமும் போட்டோவும் வந்தன. சாயப்பட்டறையிலிருந்து அப்படியே எழுந்து வந்து அவன்தான் உறையைப் பிரித்தான், போட்டோவின் ஓரத்தில் அவன் கட்டைவிரலின் சிவப்புச் சாயம் இன்னும் இருக்கிறது. நீ பேண்ட் போட்டுக்கொண்டு, முழங்கால்வரை சேறு, அகலமான டயர் போட்ட அந்தப் பழைய முரட்டு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பல் தெரியச் சிரிக்கிறாய். பக்கத்தில் உன் ஆஸ்பத்திரிச் சிநேகிதிகள் இரண்டு பேர், தலை நரைத்த அந்த வாத்தியார். பின்னால் மலை. லீவு நாளில் நாலு பேருமாக மலைப் பாதையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஏறி, உச்சியில் உட்கார்ந்து சாப்பிட்டு, அப்புறம் அந்தக் கல்லும் மண்ணுமான வழியில் சைக்கிளிலேயே இறங்கி வருவோம் என்று எழுதியிருந்தாய். வேலைக்கில்லை, அவசரத்துக்கில்லை, சும்மா சந்தோஷத்துக்கு என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை நான் வள்ளியைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னேன். அதற்குக் கீழே ஏதோ காய்கறி வாங்கப் போன மாதிரி, மூன்று மாதம் முன்னால் விழுந்துவிட்டேன், தோள்பட்டை எலும்பு முறிந்தது, இப்போது சரியாகிவிட்டது என்று.

முனிசாமி குதித்தான். "அம்பது வயசுக்கு மேல பொம்பளைக்கு மலைமேல இன்னாம்மா வேலை, அங்க வுழுந்து உயிரு போனா நமக்குத் தந்திதான வரும்" என்று கத்தினான். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கும் பயம்தான். ஆனால் அவன் பட்டறைக்குப் போன பிறகு அந்தப் போட்டோவை எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். மாப்பிள்ளை தவறிப்போனதிலிருந்து உன்னைப் பற்றிப் பேசுகிற யாரும் 'பாவம்' என்கிற வார்த்தையில்லாமல் ஆரம்பித்ததில்லை. நீ நர்ஸ் படிப்புக்குப் பட்டணம் போனபோதும் அதுதான், அமெரிக்காவுக்கு விமானம் ஏறினபோதும் அதுதான். இந்தப் போட்டோவைப் பார்த்து ஒருவரும் பாவம் என்று சொல்ல முடியாது தேவகி. வள்ளி அதை வாங்கிக் கூடத்துக் கண்ணாடியின் சட்டத்தில் செருகி வைத்தாள், நான் எடுக்கச் சொல்லவில்லை.

அங்கேதான் வினை வந்தது. வள்ளியைப் பெண் பார்க்கத் தாமலிலிருந்து வந்தார்கள். பையன் கூட்டுறவு சொசைட்டியில் குமாஸ்தா, நல்ல அடக்கமான பிள்ளை, அவன் அம்மா தில்லையம்மாள்தான் முன்னின்று பேசுகிறவள். மருமகள் காந்தா கேசரியும் பஜ்ஜியும் செய்திருந்தாள். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, பையனுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது என்பது அவன் பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு தின்ன மறந்து உட்கார்ந்திருந்ததிலேயே தெரிந்தது. அப்போது தில்லையம்மாள் கண்ணாடியில் செருகியிருந்த போட்டோவைப் பார்த்து, "யாரு இது, ஆம்பள மாதிரி நின்னுக்கினு?" என்று கேட்டாள். நம் வள்ளிக்கு வாய் சும்மா இருக்குமா, "எங்க அத்தை, அமெரிக்காவுல இருக்குது, மலைமேல சைக்கிள் விடும்" என்று பெருமையாக ஆரம்பித்து, நீ விழுந்தது, எலும்பு முறிந்தது எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டாள். தில்லையம்மாள் முகம் மாறிப்போனதை நான் பார்த்தேன். அத்தைக்குக் குழந்தைகள் உண்டா, கூட யார் இருக்கிறார்கள் என்று இரண்டு கேள்வி கேட்டாள், அவ்வளவுதான். யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்துபோனவர்கள் பிறகு தரகரிடமும் அதையே சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

தரகர் அதை வந்து சொன்ன அன்றைக்குத்தான் உன் தம்பி அந்தக் கடிதத்தை எழுதினான். காந்தா என்னிடம் ஓடிவந்து, "அத்தை, அண்ணியால எம்பொண்ணு கல்யாணம் நின்னுபோச்சின்னு எழுதிக்கினு இருக்கறாரு, நீங்க சொல்லுங்க" என்றாள். நான் போவதற்குள் ஒட்டித் தபாலில் போட்டுவிட்டு வந்து நிற்கிறான். எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு உடனே ஊருக்கு வந்து சேர் என்றும் எழுதியிருக்கிறானாம். நீ அங்கே நோயாளிகளைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது அது உன் கைக்குக் கிடைக்குமே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

யாரும் செய்யாத ஒரு காரியம் செய்தேன். மறுநாளே காந்தாவைக் கூட்டிக்கொண்டு தாமலுக்குப் பஸ் ஏறிவிட்டேன். பெண் வீட்டுக்காரர்கள் கூப்பிடாமல் போய் நிற்பதா என்று காந்தா வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தாள். மழையில் ஏரி தளும்பி நின்றது, கரையோரம் வண்டி மெதுவாகத்தான் போனது. போய் இறங்கினால் தில்லையம்மாள் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருக்கிறாள். எங்களைப் பார்த்ததும் திகைத்தாலும் பாய் போட்டு மோர் கொடுத்தாள். நான் சுற்றி வளைக்கவில்லை. எம்பொண்ணு பேண்ட் போட்டதும் சைக்கிள் விட்டதும்தான் குற்றமா என்று நேராகக் கேட்டேன். அவள் சிரித்தாள், கஷ்டத்தில் இருக்கிறவர்கள் சிரிக்கிற சிரிப்பு. உள் அறையைக் காட்டி, "உள்ள படுத்துக்கினு இருக்கறது என் நாத்தனாருமா, வடிவுன்னு பேரு. புருசன் இல்ல, புள்ள இல்ல. வருசக்கணக்கா நாந்தான் எடுத்துப்போட்டுக்கினு இருக்கறேன், ஒரு கல்யாணம் காட்சிக்கு நகர முடியல. உங்க மகனுக்கு ஒரே பொண்ணு. நாளைக்கி அந்த அத்தைக்காரம்மா கையி காலு ஒடஞ்சி வந்து படுத்தா எம்மவந்தான பாக்கணும்? அவன் பொண்டாட்டியும் என்ன மாதிரி கெடக்கணுமா?" என்று கேட்டாள். அவளைத் திட்டத் தயாராகப் போன எனக்குத் திட்ட வாய் வரவில்லை. அவள் பயந்தது பேண்ட்டுக்கு இல்லை தேவகி.

அதனால் நீ எழுதினதையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். இறக்கத்தில் சக்கரம் சறுக்கி நீ விழுந்ததும் உன் உயரமான சிநேகிதி தன் கழுத்துத் துணியால் உன் கையைத் தூளி மாதிரி கட்டித் தொங்கவிட்டது, அந்த வாத்தியார் தன் வயசையும் பார்க்காமல் மலையடிவாரத்துக்கு வண்டி பிடிக்க இறங்கி ஓடியது, மற்ற இரண்டு பேரும் உன்னைத் தாங்கிப் பிடித்து நடத்தி வந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு நீ வீட்டில் கிடந்தபோது அவர்களே முறை வைத்துத் தங்கியது, உன் இன்னொரு சிநேகிதி, அந்தப் பிலிப்பைன்காரப் பெண், நம் வீட்டுக் கஞ்சி மாதிரியே இஞ்சி தட்டிப்போட்டுக் கஞ்சி வைத்தது, வாத்தியார் பாத்திரம் தேய்த்தது, அடுத்த மாதமே அவர் இடுப்பு பிடித்துப் படுத்தபோது நீ போய் அவருக்கு ஒத்தடம் கொடுத்தது. உன் கடிதத்தில் இதெல்லாம் அங்கொரு வரியும் இங்கொரு வரியுமாகக் கிடந்தது. அடுக்கி வாய்விட்டு இன்னொருத்தியிடம் சொல்லும்போதுதான் அது என்ன என்று எனக்கே விளங்கியது. தில்லையம்மாள் கடலை உரிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், "அப்ப அவங்க ஊருக்குத் திரும்பி வர்றது எப்போ?" என்றாள். ரிட்டயர் ஆனதும் வந்துவிடுவாள் என்றுதான் இத்தனை வருஷமாக எல்லோருக்கும் பதில் சொல்லி வந்திருக்கிறேன், அந்த வார்த்தை வாய்வரைக்கும் வந்தது. ஆனால், "வரமாட்டாம்மா, அவ அங்கதான் இருப்பா, அவளுக்கு அங்க ஆளு இருக்குது" என்று சொன்னேன். காந்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுதுவிடுவேன் என்று நினைத்தாளோ என்னவோ. அழுகை வரவில்லை தேவகி, திரும்பி வருகிற பஸ்ஸில் நல்ல பசி எடுத்தது, இறங்கினதும் இரண்டு பேரும் ஓட்டலில் இட்லி தின்றோம்.

போன வெள்ளிக்கிழமை தரகர் வந்து அவர்களுக்குச் சம்மதம் என்று சொல்லிவிட்டார். தை மாதத்தில் பரிசம் போட்டு மாசியில் கல்யாணம் வைக்கலாம் என்று பேச்சு. நான் தாமலுக்குப் போய்வந்ததை அவர் சொல்லித்தான் முனிசாமி தெரிந்துகொண்டான். சாப்பிட்டுக் கை கழுவும்போது, "ஏம்மா, அந்தக் கடுதாசி இந்நேரம் அக்காவுக்குப் போயிருக்குமா?" என்றான். போயிருக்கும்டா என்றேன். மழைக்கு நூல் காயவில்லை என்று சொல்லிக்கொண்டு வெளியே போய்விட்டான். நீ விழுந்த செய்தி வந்த அன்றைக்கு அவன் பட்டறையை மூடிவிட்டுக் கோயிலுக்குப் போய் உன் பேருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தவன், சட்டைப் பையில் விபூதிப் பொட்டலத்தைக் காந்தாதான் பார்த்துச் சொன்னாள். அவனுக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும், சின்ன வயசிலிருந்தே நீ பார்த்ததுதானே. இரண்டு வரி நல்லபடியாக அவன் பேருக்கு எழுதிப்போடு. கல்யாணத்துக்கு ஒரு மாசம் லீவு கேள். வந்து முறையோடு எல்லாம் செய்துவிட்டு, லீவு முடிந்ததும் நிம்மதியாகப் போய்விட்டு வா. இங்கேயே இரு என்று யாரும் உன்னைப் பிடித்துவைக்க மாட்டார்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்.

மலைக்குப் போகாதே என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் தனியாக ஒருநாளும் போகாதே, அவர்கள் மூன்று பேரில் ஒருவராவது கூட இருக்கவேண்டும். மழை பெய்த மறுநாள் போகாதே. முழங்காலுக்குக் கனமாக ஏதாவது கட்டிக்கொள். தோளுக்கு நல்லெண்ணெய் சூடாக்கித் தடவு, அங்கே கிடைக்காவிட்டால் எழுது, யாராவது வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புகிறேன். இனி விழுந்தால் விழுந்த அன்றைக்கே எழுது, ஆறின பிறகு எழுதாதே. ஆறிப்போன செய்தியைப் படித்துவிட்டு இங்கே உட்கார்ந்து தனியாகப் பயப்படுவது அதைவிடக் கஷ்டமாக இருக்கிறது. உன் சிநேகிதர்களுக்கு ஒரு பொட்டலம் முறுக்கும் அந்த வாத்தியாருக்கு நம் தறியில் நெய்த ஒரு பட்டு அங்கவஸ்திரமும் எடுத்துவைத்திருக்கிறேன், கல்யாணத்துக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது எடுத்துப் போ. அவர் அதை என்ன செய்வார் என்று தெரியவில்லை, கழுத்தில் சுற்றிக்கொண்டு மலை ஏறினாலும் சரிதான்.

ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன். அன்றைக்குத் தாமலில் கிளம்புவதற்கு முன்னால் தில்லையம்மாள் அந்த வடிவைப் புரட்டிப் படுக்கவைக்கப் போனாள், தனியாளாக அவளால் முடியவில்லை, நானும் காந்தாவும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டோம். விரிப்பை மாற்றித் தலையணையை உயர்த்தி வைத்தோம். நாங்கள் வெளியே பேசியதையெல்லாம் அவள் படுத்தபடியே கேட்டிருக்கிறாள். போட்டோவைக் காட்டச் சொன்னாள். என் பையில் இருந்தது, எடுத்து அவள் கண்ணுக்கு நேராகப் பிடித்தேன். நரம்பு செத்துப்போய்க் கால் இரண்டும் வராத மனுஷி, உன் வயசுதான் இருக்கும். உன்னைப் பார்த்தாள், சைக்கிளைப் பார்த்தாள், பின்னால் இருந்த மலையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "மேலருந்து எறங்கறப்ப மூஞ்சில காத்து எப்பிடி அடிக்கும்னு அவங்களக் கேட்டு எழுதச் சொல்றீங்களாம்மா" என்றாள். கட்டாயம் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆகையால் நீ வேறு எதையும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை, அந்தக் காற்று எப்படி இருக்கும் என்பதை ஒரு பக்கத்துக்குக் குறையாமல் விவரமாக எழுது. உன் கடிதம் வந்ததும் பஸ் ஏறிப் போய் நானே அவளுக்குப் படித்துக் காட்டுகிறேன்.

கைகால் சுகத்தோடும் நல்ல மனுஷர்கள் துணையோடும் நீ நூறு வயசு இருக்க வேண்டும். காமாட்சி உன்னையும் உன்னோடு மலையேறுகிற அந்த மூன்று பேரையும் காப்பாற்றட்டும். காந்தாவும் வள்ளியும் உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார்கள். கடிதத்தை மடிக்கும்போது முனிசாமியும் வந்து நின்று, "நானும் கேட்டதா எழுதும்மா" என்றான், எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஜெயம்மாள்