ஃபர்னஸ் இல்லாமல் வந்த மஞ்சள் கோடு

8 ஜூலை 2003, செவ்வாய்

என் ஆராய்ச்சி வழிகாட்டி ஹரிஹரன் சார் இன்று என் கண்ணாடிச் சில்லை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கண்ணாடிக்குள் வெள்ளியை ஊடுருவ வைத்து, சில்லு முழுக்க லேசர் பாய்ச்சி, பிறகு ஃபர்னஸ் என்னும் மின் உலையில் சூடாக்குகிறேன். வெள்ளி நுண்துகள்களாகத் திரண்டு மஞ்சள் நிறம் வரும். ஒரு வருடமாக இதே வேலைதான்.

"இந்த மஞ்சள் லேசராலே வந்ததுன்னு எப்படிச் சொல்றாய்? ஃபர்னஸ் சூட்டிலேயே வரலாமல்லே?" என்றார், மலையாளம் கலந்த தன் தமிழில்.

வெள்ளி ஏற்றி, லேசர் மட்டும் படாத ஒரு சில்லை ஃபர்னஸில் வைத்து எடுத்தேன். அதுவும் மஞ்சள். சாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"விட்டுடு மீனாட்சி. வேற தலைப்புக்கு, தின்ஃபிலிம் வேலைக்கு மாறிக்கோ, கேட்டோ."

"வேண்டாம் சார். ஃபர்னஸை விட்டுடறேன். லேசர் மட்டும் வச்சுப் பார்க்கறேன்."

"லேசர் வலுவைக் கூட்டணும், கண்ணாடி விரிசல் விட்டுடும்."

"விடட்டும் சார்."

முதல் சில்லு விரிசல் விட்டது. அடுத்ததும் அப்படியே. லேசரின் வலுவைக் குறைத்து, சில்லை மெல்ல நகர்த்திப் பார்த்தேன். சாயங்காலம், லேசர் போன வழியில் மட்டும் மயிரிழை போல ஒரு மஞ்சள் கோடு விழுந்தது. சுற்றிலும் நிறமில்லாத கண்ணாடி.

வீட்டுக்குக் கிளம்பிய சார் குடையைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்.

"ஒண்ணு போதாது. நாளைக்கும் வரணும்."

"வரும் சார்" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்குப் போகும் கரமனை பஸ்ஸில் ஏறிய பிறகுதான் பயம் பிடித்தது. வராவிட்டால் மறுநாளும் செய்வேன். ஆனால் மஞ்சள் லேசரால்தான் வந்தது என்று பழைய சில்லுகளை வைத்து எழுதிக் கொடுத்த ஆய்வேட்டு அத்தியாயம் இன்னும் சார் மேஜையில் இருக்கிறது. காலையில் முதல் வேலையாக அதை நானே திரும்ப வாங்கிக்கொள்வேன்.