உரிந்து வந்துவிட்டதடி, கோகிலா

அடி கோகிலா, என் கண்ணே,

வந்துவிட்டதடி! மூன்றே அணு தடிமனுள்ள நம் குறைக்கடத்திப் படலம், அது வளர்ந்த தகட்டை விட்டுக் கிழியாமல் கழன்று நேற்றுக் காலை தண்ணீரில் மிதந்தது. ஓரத்தில் வெறும் தண்ணீரை மெல்ல நுழையவிட்டால் போதும் என்று நீ சொன்னாயே, அதையேதான் செய்தேன். சந்தோஷப்பட வேண்டியவள், ஆத்திரத்தில் அழுதேன்.

நீ சொன்னபோது யார் காதில் வாங்கினார்கள்? "தண்ணி ரொம்ப ஸ்லோ லா. ஆசிட் ஊத்து, அடியில இருக்கிற கண்ணாடிய அரிச்சிடும், படலம் தானா வந்துரும்" என்றார் நம் பேராசிரியர்.

அந்த அமிலம் உன் தொடையில் கொட்டிய மதியம், அதை முறிக்கும் மருந்துக் களிம்பு இருந்த அலமாரி பூட்டிக் கிடந்தது. சாவி வைத்திருந்தவர் சாப்பிடப் போயிருந்தார். எச்சரிக்கைத் தாளும் அதே அலமாரிக்குள்தான். இப்படியும் ஒரு கூத்து உண்டா?

நீ குழாயில் கழுவிவிட்டுச் சிரித்தாய். "வலிக்கவே இல்லக்கா. நல்லா தண்ணி ஊத்திட்டேன் லா. ஜீன்ஸ்தான் போச்சு." அது முதலில் வலிக்காது, உள்ளே இறங்கி இதயத்தையே நிறுத்திவிடும் என்று நம் இருவருக்கும் யாரடி சொல்லித் தந்தார்கள்? நானும் உன்னைக் கோலா குபு பாரு ரயிலில் ஏற்றிக் கையசைத்தேன். அங்கே இறங்கி, கெர்லிங்கில் உன் வீட்டுக்குப் போனவள் மறுநாள் இல்லை. ஏன்டி சிரித்தாய்? ஒரு வார்த்தை பயந்திருக்கக் கூடாதா?

உன் சாமான்களை எடுக்க வந்த உன் அம்மா, நீ செய்ததைப் பார்க்க வேண்டும் என்றார். நீ படலம் வளர்த்த தகட்டைக் கொடுத்தேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கண்ணுக்கே தெரியலியே தாயி. இதுக்கா எம்புள்ள போச்சு?"

தகட்டை வாங்கி வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டேன். ஏனென்றால் விசாரணை அறிக்கையில், "மாணவியின் கவனக்குறைவு" என்ற வரிக்குக் கீழே, சாட்சியாகக் கையெழுத்துப் போட்டிருந்தவள் நான்தான். "சைன் பண்ணு. லேப்ப மூடிட்டா உன் படிப்பும் போச்சு" என்றார் பேராசிரியர். போட்டுவிட்டேன். எனக்கு யார் மேல் அதிகக் கோபம் என்று இப்போது தெரிகிறதா?

நேற்று மிதந்த படலத்தை அவரிடம் காட்டினேன். "நல்லாருக்கு. ஆனா இவ்வளவு ஸ்லோவா செஞ்சா, நாம பேப்பர் வாசிக்கிற மாநாட்டுக்குள்ள முடியாது. புதுசா சேர்ந்தவங்களுக்கு ஆசிட்டையே பழக்கிவிடு" என்றார். அலமாரி இன்றும் பூட்டித்தான் இருக்கிறது, கோகிலா.

எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். பூட்டு, சாவி, பயத்தில் போட்ட என் பொய்க் கையெழுத்து, ஒன்றையும் விடவில்லை. திங்கட்கிழமை பல்கலைக்கழக அலுவலகத்தில் கொடுக்கிறேன். படிப்பு போனால் போகட்டும். அங்கிருந்து நேரே கெர்லிங் போய், உன் அம்மா முன்னால் உட்கார்ந்து அதைப் படித்துக் காட்டுவேன். பாதியில் அவர் என்னை வெளியே போகச் சொன்னாலும், வாசலில் நின்றாவது கடைசி வரி வரை படிப்பேன்.

உன்னோடு பிறக்காத உன் அக்கா,
மாலதி
கோலா சிலாங்கூர்