நான் மொழிபெயர்க்காமல் விட்ட கடைசி வரி

அக்கா,

உங்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதுகிறேன். அதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். யேர்மன் மொழியில் இரண்டு தரம் தொடங்கிப் பார்த்தேன். இரண்டும் அகதி அலுவலகத்துக்குக் கொடுக்கும் விண்ணப்பம் போல வந்தன. கிழித்துப் போட்டுவிட்டேன்.

இன்று காலை உங்கள் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. நீங்கள் போய் மூன்று மாதம் என்பது எழுதியவர்களுக்குத் தெரியாது. தேவாலய மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் நம் அறையின் கதவடியில் கிடந்தது. உறையைக் கையில் எடுத்ததுமே யாருடையது என்று தெரிந்துவிட்டது. மடிப்பில் ஒரு சோற்றுப் பருக்கை காய்ந்து ஒட்டியிருந்தது. பசை கிடைக்காத நாட்களில் எங்கள் பக்கத்தில் சோற்றை நசுக்கித்தான் உறை ஒட்டுவார்கள். ஊர்ப் பெண்களிடமிருந்து முதற்கடிதம் வந்தபோது நீங்கள் அதை நகத்தால் தொட்டுப் பார்த்து என்னவென்று கேட்டீர்கள். சோறு என்றேன். "அப்ப தங்கடை சாப்பாட்டிலை கொஞ்சம் எங்களுக்கும் அனுப்பியிருக்கினம்" என்றீர்கள். நீங்கள் பேசியது யேர்மன்தான். என் காது அதை எங்கள் ஊர்ப் பேச்சாகவே சேர்த்து வைத்திருக்கிறது.

நான் உங்களை முதலில் கண்டது யேர்மனியின் ஹம் நகரப் புகையிரத நிலையத்தில், பயணச்சீட்டுக் கண்ணாடிக்குப் பின்னால். எண்பத்தைந்தின் குளிர்காலம். எங்கள் வீட்டில் பட்டம் பெற்ற முதல் ஆள் நான். அந்தப் பட்டச் சான்றிதழ் அகதி முகாம் அறையில் கட்டிலுக்குக் கீழே பெட்டியில் கிடந்தது. விண்ணப்பம் முடியும்வரை வேலை செய்ய அனுமதி இல்லை, மாவட்ட எல்லையைத் தாண்டவும் அனுமதி இல்லை. ஹனோவரில் என்னோடு படித்தவள் ஒருத்தி இருந்தாள். அவளிடம் போக என்ன விலை என்று உங்களிடம் கேட்பேன், நன்றி சொல்வேன், திரும்பி நடப்பேன். மூன்றாம் தரம் நீங்கள் கண்ணாடியில் தட்டினீர்கள்.

"விலை மட்டும் கேட்டிட்டுப் போறீர். ஏன் வாங்கேல்லை?"

"போக ஏலாது. விடமாட்டினம்."

கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப புதன்கிழமை பின்னேரம் எங்கடை அறைக்கு வாரும். அது எல்லைக்குள்ளைதான்" என்றீர்கள்.

அந்த அறையில் ஏழெட்டுப் பேர். பிலிப்பைன்ஸில் நிலம் கேட்கும் விவசாயிகள், தென்னாபிரிக்காவில் வீடு இடிக்கப்பட்டவர்கள், சிலியில் காணாமற்போனவர்களின் மனைவிமார் என்று பலர் அந்த அறைக்குக் கடிதம் எழுதுவார்கள். எங்கோ பத்துப் பேர் சேர்ந்து நியாயம் கேட்டால் அவர்களுக்கு இந்தச் சின்ன நகரத்திலிருந்து துணை நிற்பதுதான் உங்கள் வேலை. நிக்கரகுவாக் கூட்டுறவுக் கோப்பியை விற்றீர்கள். அது வாயில் வைக்க முடியாத கசப்பு. சிலியிலிருந்து தப்பி வந்த மனிதர் ஒவ்வொரு மிடறுக்கும் முகத்தைச் சுளித்து, "இதைக் குடிக்கிறவைக்கும் ஒரு விடுதலை இயக்கம் வேணும்" என்பார்.

உங்கள் அறைக்கு ஒரு முறை இருந்தது. வரும் கடிதத்தை முதலில் அதன் சொந்த மொழியில் முழுதாக வாசிக்க வேண்டும், யாருக்கும் விளங்காவிட்டாலும். அதன் பிறகுதான் மொழிபெயர்ப்பு. "எழுதினவையின்ரை குரல் முதல் வரட்டும்" என்பீர்கள். வகுப்பில்கூட எழுந்து நின்று பேசாத நான் அங்கே தமிழில் சத்தமாக வாசித்தேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டீர்கள்.

உங்களை எப்படிக் கூப்பிடுவதென்று தெரியாமல் பெயரே சொல்லாமல் சுற்றிச் சுற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். எங்கள் ஊரில் என்றால் அக்கா என்போம், மூத்த சகோதரி, என்றேன். சிரித்துக்கொண்டு, "நான் ஒருதருக்கும் அக்கா இல்லை. தங்கச்சியாய் மட்டுந்தான் இருந்தனான்" என்றீர்கள். யாருக்குத் தங்கை என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தெரியாதவள் நான்.

அந்த முதற்கடிதம் எங்கள் கரையோரத்துப் பெண்கள் பதினொரு பேர் எழுதியது. மகன்மாரைப் பிடித்து வைத்திருக்கும் இராணுவ முகாம் வாசலுக்கு எந்தத் தாயும் தனியே போகக்கூடாது என்று சேர்ந்தவர்கள். மனுக்கள் எழுத ஒரு தட்டெழுத்து மெசின் கேட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு, கடிதத்தின் அடியில், இன்னும் ஒன்று: "நாங்கள் எங்கள் துயரத்தையே எழுதியிருக்கிறோம். உங்களிலும் யாராவது இப்படிக் காத்திருந்தவர்கள் இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். வாசலில் நிற்கும்போது வாசிப்போம்."

அதை எப்படி மொழிபெயர்ப்பது என்று முகாம் சமையலறையில் ரதியைக் கேட்டேன். என் அறைத்தோழி, நீங்கள் ஒரு தரம் கண்டிருக்கிறீர்கள். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"எடி, அது சும்மா மரியாதைக்கு எழுதுறது. நலம், நலமறிய ஆவல் எண்டு எழுதுறேல்லையே, அதுமாதிரி."

"கேட்டிருக்கினமெல்லே?"

"கேட்டது மெசின். நீ போய் வெள்ளைக்காரரிட்டை, உங்கடை வீட்டிலை ஆர் காணாமற்போனது எண்டு கேள். பிறகு மெசினும் இல்லை, உனக்கு அந்தக் கசப்புக் கோப்பியும் இல்லை."

இருவரும் சிரித்தோம். நான் அந்த வரியை விட்டுவிட்டேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல், கூடக் கேளாதே என்று இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து பழகியிருந்தேன். அதையே அந்தப் பெண்களுக்கும் செய்துவிட்டேன்.

நீங்கள் மட்டும் கவனித்தீர்கள். மொழிபெயர்ப்பை வாசித்து முடித்ததும், "தமிழிலை இன்னும் கொஞ்சம் நீளமாய்க் கேட்டுதே? முடிவிலை உம்மடை குரலும் மாறினது" என்றீர்கள். வழக்கமான முடிப்புத்தான் என்றேன். நீங்கள் நம்பினீர்கள். மெசின் போய்ச் சேர்ந்தது. நன்றி எழுதினார்கள். மனுக்களின் பிரதிகள் வந்தன. ஆனால் அந்தக் கேள்வி திரும்ப வரவில்லை.

அடுத்த ஆண்டு நொவெம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வேலை முடிந்து என்னை ரயில் மேடைக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள். ஒரு மர வாங்கில் அமர்ந்தோம். யாரும் கேட்காமலே சொன்னீர்கள்.

"என்ரை அண்ணை உலகச் சண்டைக்கு ரஷ்யாப் பக்கம் போனவர், திரும்பேல்லை. சண்டை முடிய, கைதியளைக் கொண்டு ரயில் வரும். அம்மா ஒரு மட்டையிலை அவற்றை படத்தை ஒட்டினவா. எனக்குப் பதினாலு வயசு. இந்த மேடையிலைதான், இறங்கிறவையின்ரை முகத்துக்கு நேரை பிடிச்சுக்கொண்டு நிப்பன். சிலர் நிண்டு பாப்பினம். சிலர் தலையைக் குனிஞ்சுகொண்டு போவினம்."

"எவ்வளவு காலம்?"

"எனக்கு இருபது வயசு ஆகும்வரைக்கும். பிறகு அம்மா தனியப் போனவா."

அறையில் இதை ஏன் ஒருபோதும் சொல்லவில்லை என்று கேட்டேன். கையுறையைக் கழற்றி மடியில் வைத்தீர்கள். "அந்தச் சண்டையிலை எங்கடை ஆக்கள் மற்றவைக்குச் செய்ததுக்குப் பிறகு, எங்கடை கண்ணீரை மேசையிலை வைக்க எனக்கு உரிமை இல்லை. நீரும் ஒருதருக்கும் சொல்லாதையும்."

"ஓம்" என்றேன்.

அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும், அக்கா. அந்தப் பதினொரு பேரும் கேட்டது இதைத்தான் என்று. என் வாயில் வந்தது. ஆனால் அதைச் சொல்வதென்றால் முதலில் நான் பொய் சொன்னதைச் சொல்ல வேண்டும். ஒரு ரயில் வந்தது. எழுந்துவிட்டோம்.

நீங்கள் நோயில் கிடந்தபோது ஆஸ்பத்திரிக்கும் அதைச் சொல்லத்தான் வந்தேன். "ஏதோ சொல்ல வந்திருக்கிறீர்" என்றீர்கள். "வெளியிலை சரியான குளிர்" என்றேன். நீங்கள் அறைச் சாவியை என் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டீர்கள்.

உங்களை உங்கள் அம்மாவின் ஊரில் அடக்கம் செய்தார்கள். அது மாவட்ட எல்லைக்கு வெளியே. அனுமதி கேட்கப் போனேன். இறந்தவர் உறவா என்று கேட்டார்கள். அக்கா என்று சொல்ல நினைத்தேன், இல்லை என்று சொன்னேன். விண்ணப்பத்தைப் பார்க்க ஒரு தெர்மின், வரச்சொல்லி ஒரு நாள், தந்தார்கள். அது அடக்கத்துக்கு அடுத்த கிழமை. அடக்கத்தன்று நான் நிலையத்துக்குப் போய் உங்கள் கண்ணாடிக்கு முன்னால் நின்றேன். உள்ளே ஒரு இளம் பெண் இருந்தாள். எங்கே போகவேண்டும் என்று கேட்டாள். எங்குமில்லை என்றேன்.

இப்போது புதன்கிழமைகளில் நான்தான் கதவைத் திறக்கிறேன். உங்கள் கதிரையில் யாரும் இருப்பதில்லை. ரதி கலியாணம் செய்து கனடா போய்விட்டாள். முகாம் அறையில் மற்றக் கட்டில் வெறுமையாக இருக்கிறது. கடிதங்கள் வந்தால் ஆளில்லாத அறையில் முதலில் எனக்கு நானே சத்தமாக வாசித்துப் பார்க்கிறேன். அது உங்களிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். இன்றைய கடிதத்தையும் அப்படித்தான் வாசித்தேன். இரண்டு பேருடைய மகன்மார் வீடு வந்துவிட்டார்கள். மற்ற ஒன்பது பேரும் இன்னும் வாசலுக்குப் போகிறார்கள். மெசினில் ஒரு எழுத்து உடைந்துவிட்டது, அதைக் கையால் எழுதுகிறார்கள். கடைசியில் இப்படி இருந்தது:

"முன்பு உங்கள் துயரத்தைக் கேட்டிருந்தோம். நீங்கள் பதில் எழுதவில்லை. கேட்டது பிழை என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். இனிக் கேட்கமாட்டோம்."

மூன்று வருடங்களாக அவர்கள் உங்களைப் புண்படுத்திவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நாளை புதன்கிழமை. அவர்களுடைய இந்தக் கடிதத்தை முதலில் தமிழிலும் பிறகு யேர்மனிலும் கடைசிச் சொல் வரைக்கும் வாசிப்பேன். அன்று நான் மறைத்ததையும் எழுந்து நின்று சொல்வேன். சிலிக்காரர் கோபிப்பார், கோபிக்கட்டும். இதற்கெல்லாம் உங்கள் அனுமதி தேவையில்லை.

ஒன்றுக்குத்தான் தேவை. மேடையில் உங்களுக்கு நான் ஓம் என்றேன். இன்றுவரை யாருக்கும் சொல்லவில்லை, ரதிக்குக்கூட. உங்கள் உரிமையைப் பற்றி நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. ஆனால் அந்தப் பெண்கள் உரிமையைக் கேட்கவில்லை, அக்கா. காத்திருந்தவர்கள் உண்டா என்றுதான் கேட்டார்கள். உங்கள் பெயரை எழுதமாட்டேன், அண்ணையின் பெயரையும் எழுதமாட்டேன். ஹம் நிலையத்தில் ஒரு பதினாலு வயதுப் பிள்ளை மட்டையில் ஒட்டிய படத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள் என்று மட்டும் அவர்களுக்கு எழுதட்டுமா?