என் பேரில் எடுத்த டிக்கெட்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், என் இடது முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துப்போகாமல் தனிக்குடித்தனம் நடத்துகிறது. நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருப்பது நீ அனுப்பிய படத்தில் தெரிந்தது, சின்னவள் நன்றாக இருப்பது அவள் கன்னத்தில் தெரிந்தது. வீட்டுக்கு நிஜமாகவே ஒரு பாப்பா வந்த பிறகும் உன்னை அப்படிக் கூப்பிடலாமா என்று யோசித்தேன், இத்தனை வருஷப் பழக்கத்தை மாற்ற முடியவில்லை, அவளுக்கு வேறு செல்லப் பேர் தேடிக்கொள்ளுங்கள். சமையலறைக் குழாயை ஒருவழியாக மாற்றியாகிவிட்டது, மாற்றிய பிறகும் சொட்டுகிறது, குழாய்க்காரர் அது பழகப் பழகச் சரியாகிவிடும் என்கிறார், எங்களுக்குப் பழகிவிடும் என்கிறாரா குழாய்க்குப் பழகிவிடும் என்கிறாரா தெரியவில்லை. போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ அழுவாய், நீ அழுதால் நான் சரி என்று சொல்லிவிடுவேன், பிறகு அந்தச் சரியை நாம் இரண்டு பேரும் ஆயுசுக்கும் சுமக்க வேண்டும். விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இழுத்தால் நீ வேறு மாதிரி நம்பிக்கொண்டே படிப்பாய். ஒன்றாம் தேதி நீ மறுபடி வேலையில் சேரும்போது குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆறு மாதம் நான் அங்கே வரவில்லை.

எப்படி நடந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும். மூன்று வாரத்துக்கு முன்னால் நான் வேலை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அப்பா போனை என் மூக்குக்கு நேராக நீட்டி, "உனக்கு ஒரு நல்ல சேதி, பாரு பாரு" என்றார். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தால் நீ எடுத்து அனுப்பிய விமான டிக்கெட், என் பேரில், போகிற தேதி போட்டு, திரும்புகிற தேதி ஆறு மாதம் கழித்துப் போட்டு. உள்ளே உன் அத்தை பெரிய பெட்டியை அலமாரி மேலிருந்து இறக்கி ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. "பாப்பா கேட்டா, நான் சரின்னு சொல்லிட்டேன், இதுல உன்னக் கேக்க என்ன இருக்கு" என்றார் அப்பா. அவர் மேல் மட்டும் பழி போடமாட்டேன், நீயும் அவரிடம்தான் கேட்டாய், என்னிடம் கேட்கவில்லை. "அம்மாவுக்கும் ஒரு சேஞ்சா இருக்கும்பா" என்று சொன்னாயாம். எதிலிருந்து மாறுதல் என்று நீ நினைத்தாய் என்பது எனக்குப் புரியவில்லை.

என் வேலை என்ன என்று யாராவது கேட்டால் "ஆஸ்பத்திரில இருக்காங்க" என்று சொல்லி நீ பேச்சை மாற்றிவிடுவது எனக்குத் தெரியும், கேட்டவர்கள் நர்ஸ் என்று நினைத்துக்கொள்வார்கள், உனக்கும் சௌகரியம். நான் இருப்பது சலவைப் பிரிவு. ஒரு நாளைக்கு எழுநூறு எண்ணூறு விரிப்பு வரும், ஆபரேஷன் தியேட்டர் பச்சைத் துணி தனி, குழந்தைகள் வார்டு தனி, ரத்தம் பட்டதை முதலில் குளிர்ந்த தண்ணீரில் அலச வேண்டும், சூடான தண்ணீரில் போட்டால் கறை அப்படியே தங்கிவிடும், புதிதாக வருகிற எல்லாரும் இந்தத் தப்பைச் செய்வார்கள், நானும் செய்தேன். அழுக்கு மூட்டையைப் பிரித்தால் மூக்குக் கண்ணாடி வரும், பல் செட் வரும், போன மாதம் ஒரு மோதிரம் வந்தது, மூன்றாவது மாடி வரைக்கும் நானே ஏறிக் கொண்டுபோய்க் கொடுத்தேன், அந்த மனுஷருக்கு மோதிரம் காணாமல் போனதே தெரிந்திருக்கவில்லை. போன வருஷத்திலிருந்து பதினோரு பேருக்கு நான் மேற்பார்வை. மேனேஜரிடம் கேட்காமலும் இருக்கவில்லை. "ஒரு மாசம்னா சமாளிச்சுக்கலாம், ஆறு மாசம்னா அந்த இடத்துக்கு வேற ஆளத்தான் போடணும், தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார். தப்பாக நினைக்கவில்லை, அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்வேன். நான் இல்லாவிட்டால் அந்தப் பெண்கள் தவித்துப்போவார்கள் என்று உனக்கு எழுதலாம், படிக்க நன்றாக இருக்கும், ஆனால் பொய். ஒரு வாரம் திண்டாடுவார்கள், அப்புறம் பழகிவிடும். எனக்கு அந்த வேலை பிடித்திருக்கிறது, ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது, அந்த இரண்டு வருஷமும் எனக்கு வேண்டும். அவ்வளவுதான் காரணம். டிக்கெட் வந்த அன்றே அத்தையிடம் சொன்னபோது, "அழுக்குத் துணி எண்றதுக்காகவா பேத்தியப் பாக்கப் போகமாட்டேங்கற" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பெட்டியை அப்படியே பாதி ஈரத்தில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள், இன்னும் வரவில்லை.

இனி எழுதப்போவதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. நீ பிறப்பதற்கு முன்னாலேயே நான் இதே சலவைப் பிரிவில் இருந்தேன், கிழிந்த துணி தைக்கிற மேசையில். நீ ஏழு மாதக் குழந்தையாக இருந்தபோது பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை. யார் வீட்டில் இருப்பது என்று நானும் அப்பாவும் பேசி முடிவு செய்ததாக எனக்கு ஞாபகம் இல்லை, பேசவே இல்லை, அது முடிவு செய்ய வேண்டிய விஷயமாகவே யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். ராஜினாமாக் கடிதத்தை அப்பாதான் எழுதினார், அவர் கையெழுத்து அழகு. நான் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பிரிட்ஜின் மேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டேன். நீ பேனாவைப் பிடித்து இழுத்தாய், என் பேரின் கடைசி எழுத்து கோணிக்கொண்டு போய்விட்டது. நான் திரும்பி வேலைக்குப் போனபோது நீ கல்லூரியில் சேர்ந்திருந்தாய். நடுவில் பதினேழு வருஷம். தையல் மேசையில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள், அழுக்குப் பிரிக்கிற இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். "அம்மாவுக்கு வீட்ல போரடிக்குது, அதான் வேலைக்குப் போறாங்க" என்று நீ எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாய், நானும் திருத்தவில்லை.

அந்தப் பதினேழு வருஷமும் வீண் என்று எழுதமாட்டேன். உனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுத்த மத்தியானங்களை யார் கேட்டாலும் கொடுக்கமாட்டேன். ஆனால் அம்மா வீட்டிலேயே இருந்ததால்தான் நான் ஒழுங்காக வளர்ந்தேன் என்று நீ பெருமையாகச் சொல்கிறாயே, அதில் பாதிதான் உண்மை. நான் வீட்டிலேயே இருந்தபோதுதான் நீ இரண்டு தடவை மாடிப்படியில் உருண்டாய், ஒரு தடவை என் கண்ணெதிரிலேயே சட்டைப் பித்தானை முழுங்கினாய். நாலு வயதில் நீ மையைக் கொட்டினாய் என்று உன்னை அறைந்தேன், உனக்கு ஞாபகம் இருக்காது, எனக்கு இருக்கிறது. மைக்காக விழுந்த அறை இல்லை அது. அன்று காலையில் என்னோடு சலவைப் பிரிவில் இருந்த பழைய தோழி ஒருத்தி வந்து, தன்னை மேற்பார்வைக்கு உயர்த்தியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். உன்னால்தான் வேலையை விட்டேன் என்று ஒரு நாளும் உன்னிடம் நான் சொன்னதில்லை. நினைத்திருக்கிறேன். பல நாள் நினைத்திருக்கிறேன். அது உனக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வதே எனக்கு முழுநேர வேலையாக இருந்தது. ஏழு மாதக் குழந்தை, நீ என்ன செய்வாய் பாவம்.

இதையெல்லாம் இப்போது எதற்குக் கிளறுகிறேன் என்றால், போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்ன ஒரு வார்த்தைக்காக. இந்த மூன்று வாரமும் உன்னிடம் பேசும்போதெல்லாம் அங்கே குளிர் எப்படி, என்ன துணி எடுத்துவர வேண்டும் என்று பேசி நழுவிக்கொண்டிருந்தேன், அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமைதான் மெதுவாக, லீவு கிடைக்குமா தெரியவில்லை என்று ஆரம்பித்தேன். நீ உடனே, "நீ வரலன்னா நான் பேப்பர் போட்டுட்டு வீட்லயே உக்காந்துடறேன், எனக்கு வேற வழி இல்ல" என்றாய். போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். குழந்தையோடு வீட்டில் இருக்க வேண்டும் என்று உனக்கே ஆசையாக இருந்தால் இரு, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை, நானும் ஒரு வார்த்தை பேசமாட்டேன், அதுவும் நல்ல வாழ்க்கைதான். வேறு வழி இல்லை என்று மட்டும் விடாதே. வேறு வழி இருக்கிறதா என்று நீ பார்க்கவே இல்லை. மாப்பிள்ளைக்கும் அவர் ஆபீசில் நாலு மாதம் விடுப்பு உண்டு என்று நீதான் முன்பு சொன்னாய், எடுக்கச் சொன்னாயா என்று அப்போதே கேட்டதற்கு, "அவருக்கு இப்ப வேலை டென்ஷன்மா" என்றாய். உன் ஆபீசில் மட்டும் உன்னை உட்காரவைத்து ஊஞ்சல் ஆட்டுகிறார்களா? மாப்பிள்ளை நல்ல பிள்ளை, கேட்டால் செய்வார், கேட்காமலே செய்கிற மாதிரி அவரை யாரும் வளர்க்கவில்லை, அது அவர் தப்பும் இல்லை. காப்பகத்தில் விட்டால் குழந்தை ஏங்கிப்போய்விடும் என்கிறாய். எங்கள் பிரிவில் நாலு பேர் பிள்ளைகளைக் காப்பகத்தில் விட்டுவிட்டுத்தான் வருகிறார்கள், நாலும் நன்றாகவே இருக்கின்றன. ஒன்று மட்டும் பார்க்கிறவர்களையெல்லாம் கடிக்கும், ஆனால் அதன் அம்மாவும் கொஞ்சம் அப்படித்தான்.

டிக்கெட் வந்த அன்று அப்பாவோடு நான் சண்டை போடவில்லை. வாக்குக் கொடுத்தது நீங்கள், அதனால் நீங்களே போங்கள் என்று மட்டும் சொன்னேன். சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் செய்தித்தாளை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். மூன்றாம் நாள், "எனக்கு ஒண்ணும் தெரியாதே" என்றார். உன்னை என் கையில் கொடுத்தபோது எனக்கும்தான் ஒன்றும் தெரியாது என்றேன். எங்கள் பிரிவில் இஸ்திரி போடுகிற பெண் ஒருத்தி கீழ் வீட்டில் இருக்கிறாள், மின்னல் என்று கூப்பிடுவோம், கை அவ்வளவு மெதுவாக நகரும். அவளுடைய ஒன்பது மாதப் பெண்ணைப் பார்த்துக்கொள்கிற அம்மாள் உடம்பு முடியாமல் படுத்துவிட்டாள், அவள் எழுந்து வரும் வரைக்கும் அப்பாவிடம் விடச் சொன்னேன். மின்னல் பயந்தாள், அவளைவிட அப்பா பயந்தார். முப்பது வருஷம் லிப்ட் பழுது பார்த்த மனுஷர், குழந்தையையும் அப்படித்தான் ஆரம்பித்தார், அழுதால் சத்தம் எங்கேயிருந்து வருகிறது என்று காதை வைத்துப் பார்த்தாராம். முதல் நாள் டயப்பரை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டு சோபாவைத் துவைக்க வேண்டியதாகிவிட்டது, எனக்கு ஒன்பது தடவை போன், "அழறா, எதுக்கு அழறான்னே தெரியல" என்று. இரண்டாம் வாரம் மொத்தமே இரண்டு தடவைதான். மூன்றாம் வாரம் போனே வரவில்லை, நான்தான் பயந்துபோய் வேலைக்கு நடுவில் கூப்பிட்டேன். "இப்பதான் தூங்கறா, சும்மா சும்மா போன் பண்ணாத" என்று வைத்துவிட்டார். சாயங்காலம் வந்து பார்த்தால் அவர் பனியனில் தோள் பக்கம் முழுக்கப் பால் கக்கிய கறை. துவைக்கக் கேட்டேன், கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கொடுக்காமல் நின்றார். பிறகு, "பாப்பாவும் இப்படித்தான் தோள்ல தூங்கியிருப்பா இல்ல" என்று கேட்டார். உன்னைத்தான் சொன்னார். ஆமாம், என் தோளில் தூங்கினாள் என்றேன். எனக்கு அவர் மேல் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

ஆகவே அப்பா வருகிறார். டிக்கெட்டில் பேர் மாற்ற முடியாதாம், விசாரித்துவிட்டேன், என்னுடையதை ரத்து செய்துவிட்டு அவர் பேரில் அதே தேதிக்குப் போடு. மூன்று மாதம் இருப்பார், அதற்கு மேல் இருந்தால் உங்கள் கட்டடத்து லிப்டைக் கழற்ற ஆரம்பித்துவிடுவார். மிச்சத்துக்கு மாப்பிள்ளையைக் கேள், காப்பகத்திலும் இப்போதே பேர் பதிந்து வை. அப்பாவுக்குக் குளிப்பாட்ட வரும், காய்ச்சல் பார்க்க வரும், பால் கலக்க வரும், நகம் வெட்ட மட்டும் வராது, அதை நீ செய். சொல்லித் தருகிறேன் என்று பக்கத்தில் போய் நிற்காதே, நின்றால் குழந்தையை உன்னிடம் கொடுத்துவிட்டு நைசாக நகர்ந்துவிடுவார், அதில் ஆண்கள் எல்லாருமே கெட்டிக்காரர்கள். தப்பாகச் செய்தாலும் அவரே செய்து முடிக்கட்டும். வேலையிடத்தில் பால் எடுத்து வைக்க ஒரு அறை இருக்கிறதா என்று முன்கூட்டியே கேள், கூச்சப்படாதே. சாப்பாட்டு நேரத்துக்குச் சாப்பிடு. நான் வருஷக் கடைசியில் பத்து நாள் லீவு போட்டுவிட்டு வருகிறேன், விருந்தாளியாக வருவேன், உட்கார்ந்த இடத்துக்கு எல்லாம் வர வேண்டும், சின்னவளை ஆசை தீரக் கொஞ்சிவிட்டு, அழுதால் உங்களிடம் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அவளைப் பார்க்க எனக்கு ஆசை இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதே. நேற்று பஸ்ஸில் அவள் படத்தைப் பெரிதாக்கி, காது யார் காது என்று பார்த்துக்கொண்டே இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் ஒருவருக்கொருவர் துணையாக நெடுநாள் இருக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு என் ஆசிகள், சின்னவளுக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம். இதைப் படித்ததும் எந்த அம்மா இப்படிச் செய்வாள் என்று உனக்குத் தோன்றும். தோன்றட்டும். பத்து நாள் என்னோடு பேசாமல் இரு, ஒரு மாதம் வேண்டுமானாலும் இரு, நான் தாங்கிக்கொள்வேன். அவ்வளவு கோபத்தையும் என் மேலேயே வைத்துக்கொள், அந்தக் குழந்தையிடம் மட்டும் கொண்டுபோகாதே. அந்தக் கோபத்தோடேயே ஒன்றாம் தேதி காலையில் கிளம்பி வேலைக்குப் போ.

இப்படிக்கு,
உன் அம்மா